கடலோரம் ஒரு ஜெர்மன் தம்பி!

சீர்காழிக்குப் பன்னிரண்டு பெயர்கள் உண்டு. அதில் ஒன்று தோணிபுரம். பிரளயத்தில் உலகமே மூழ்கியபோது சிவபெருமான் தோணியில் வந்து சேர்ந்த இடமாம். 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தபோது, எங்கள் தெருவில் பல பேர் அந்தத் தோணியைத்தான் மீண்டும் எதிர்பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

தண்ணீரோடு இவ்வளவு உறவு கொண்டாடுகிற நாங்கள், கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடலைப் பார்ப்பதோ ஆடி அமாவாசைக்கும் காணும் பொங்கலுக்கும்தான். அதுவும் பூம்புகாரோடு சரி. "கடல் ஓரமாவே கோடியக்கரை வரைக்கும் போலாம் அண்ணா" என்று எங்களைக் கிளப்பியவன் ஒரு ஜெர்மன்காரப் பையன். நம்ம ஊர்க் கடலை நமக்குக் காட்ட ஜெர்மனியிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது!

ஜெர்மன் அரசாங்கம் 2008ல் 'வெல்ட்வெர்ட்ஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. 'உலகை நோக்கி' என்று அர்த்தம். 18லிருந்து 28 வயதுக்குட்பட்டவர்களை வெளிநாட்டுக்குத் தொண்டு செய்ய அனுப்பி வைக்கிறார்கள். அப்படி வந்தவன்தான் இவன். வயது 19. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓராண்டு ஒத்தாசை.

வந்து நாலு மாசத்தில் பையன் சோர்ந்து போய்விட்டான். "உதவி செய்யத்தான் வந்தேன் அண்ணா. ஆனா எல்லாரும் எனக்குத்தான் உதவி செய்றாங்க. ஒரு வீட்டுல இட்லி, ஒரு வீட்டுல சட்டை தைச்சுத் தர்றாங்க. நான் என்ன செஞ்சேன்?" பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு விஷயம் புரிந்தது. வரவுப் பக்கம் நிரம்பி வழிகிறது, பற்றுப் பக்கம் பூஜ்யம். ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாமா என்ற யோசனை அவனுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இரண்டு பைக்கில் நாலு பேர் கிளம்பினோம். நான், அவன், பாங்க் நண்பர், உரக்கடை நண்பன். ஆக்கூர் தாண்டி திருக்கடையூரில் டீ. தெரு முழுக்க மாலையும் கழுத்துமாக அறுபதைக் கடந்த மாப்பிள்ளைகள். "இவங்களுக்கெல்லாம் இப்பத்தான் பொண்ணு கெடைச்சுதா?" என்று பையன் சீரியஸாகக் கேட்டான். பாங்க் நண்பருக்கு இன்னும் பெண் அமையவில்லை. அவர் பதில் சொல்லவில்லை.

அடுத்து தரங்கம்பாடி. 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இன்னமும் கடலைப் பார்த்துக் கொண்டு நிற்கிறது. 1845ல் 'வியாபாரம் கட்டுப்படியாகவில்லை' என்று கம்பெனி வெள்ளைக்காரனுக்கு ஊரை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். செராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம். இன்றைக்கு அதே ஊரில் அந்தப் பணத்துக்கு ஒரு மனைகூட முழுசாக வருமா, சந்தேகம்தான்.

கடற்கரையில் சீகன்பால்கு வந்து இறங்கிய இடத்தில் ஒரு நினைவுச் சின்னம். பையன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றான். அவரும் ஜெர்மன்காரர் அல்லவா? 1706 ஜூலையில் வந்து இறங்கியபோது வயது 24கூட நிரம்பவில்லை. மதம் பரப்ப வந்தவர், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். இரண்டே வருஷத்தில் டேனிஷ் கவர்னரோடு தகராறு. நாலு மாதம் சிறை. 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. காகிதம் போதவில்லையென்று பொறையாறு பக்கம் காகிதப் பட்டறையே போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பேர் நின்றுவிட்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. நம் தெய்வங்களைப் பற்றி விசாரித்து விசாரித்து 1713ல் ஒரு பெரிய புத்தகம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். 'உன்னை அனுப்பியது இதற்கா?' என்கிற தோரணையில் மேலிடம் அதை மூலையில் போட்டுவிட்டது. அச்சேறியது 1867ல்! போதிக்க வந்தவர் மாணவனாகிவிட்டார் என்பது மேலிடத்துக் கோபம்.

பக்கத்தில் கருவாடு காய வைத்துக் கொண்டிருந்த ஒரு பெரியம்மா பையனை ஏற இறங்கப் பார்த்தார். "சுனாமிக்கு வந்த புள்ளையாப்பா?" என்றார். 2004ல் அவன் பிறக்கவே இல்லை. அப்போது ஒன்றாயிருந்த நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாகப் பழந்துணி வந்து, எடுக்க ஆளில்லாமல் ரோட்டோரம் குவிந்து கிடந்தது.

"கம்பளிக் கோட்டுகூட வந்துச்சு தம்பி. இந்த வெக்கையில!" என்றார் பெரியம்மா. "ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு மட்டும் மாசக்கணக்கா இங்கயே கெடந்துச்சு. எங்க பாஷை வராது. நான் வச்ச கொழம்பத்தான் திங்கும். போறப்ப, செத்துப்போன எம் மவன் பேரைச் சரியாச் சொல்லி அழுதுச்சு. வேற என்ன குடுத்துச்சுன்னு நெனப்பில்ல."

நான் மொழிபெயர்த்தேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் மகன் பேர் என்ன அண்ணா?" என்றான். அதை அவனையே கேட்கச் சொன்னேன். தன் ஓட்டைத் தமிழில் கேட்டான். பெரியம்மா சொன்னார்.

காரைக்காலில் பெட்ரோல் விலை குறைவு. வண்டிக்கு மட்டும் ஊற்றிக் கொண்டோம் என்பதை நம்புங்கள் சார். நாகூர் மினார், நாகப்பட்டினம் துறைமுகம், வேளாங்கண்ணிக் கூட்டம் எல்லாம் வண்டியை நிறுத்தாமலே பார்த்ததுதான். கோடியக்கரையில் மான்கள் தரிசனம் கொடுத்தன. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று காட்டிக் கொண்டிருந்த செங்கல் கட்டடத்தை மட்டும் 2004ல் கடல் கொண்டு போய்விட்டது.

வேதாரண்யம் வந்ததும் உரக்கடை நண்பன் உற்சாகமாகிவிட்டான். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து பதினைந்து நாள் நடந்து உப்பெடுக்க வந்த ஊர். இவர்களுக்குச் சோறு போட்டால், தங்க இடம் கொடுத்தால் சிறை என்று உத்தரவு போட்டார் தஞ்சை கலெக்டர் தார்ன். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நகர்ந்துவிட்டார்கள். போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று சிறைக்குப் போன வைரப்பன் என்ற தொழிலாளியும் இந்த ஊர்தான்.

"அப்ப தொண்டர்களுக்கும் ஊர்தான் சோறு போட்டுச்சா?" என்று கேட்டான் பையன்.

"பின்னே? யாரும் கணக்கு எழுதலை" என்றேன்.

திருத்துறைப்பூண்டி வழியாகத் திரும்பினோம். அந்த நடைப்பயணம் வந்த பக்கம் அது. டிக்கெட் பேச்சை அவன் எடுக்கவில்லை. ஒவ்வொரு புளியமரமாகக் காட்டி, "இந்த மரமா இருக்குமா அண்ணா?" என்று தொணதொணத்துக் கொண்டே வந்தான்.

பாங்க் நண்பருக்குப் பொறுக்கவில்லை. "எந்த மரமா வேணா இருக்கட்டும் தம்பி. பசி உயிர் போவுது. ஏதாவது பொட்டலம் தொங்குதான்னு மட்டும் பாரு!"