எழுதி வைக்காத எடை

கணையம் என்னும் சொல்லைத் தமிழ் மாணவர்கள் இருவகையில் அறிவர். பழைய வழக்கில் அது கோட்டைக் கதவுக்குக் குறுக்கே இடப்படும் மரத்தைக் குறித்தது. இன்றைய அறிவியல் தமிழில் அது இரைப்பைக்குப் பின்னே, வயிற்றின் குறுக்காகக் கிடக்கும் ஓர் உறுப்பின் பெயர். உணவைச் செரிக்கச் செய்யும் நீரையும், இரத்தத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினையும் சுரப்பது இவ்வுறுப்பே. கல்லீரலிலிருந்து இறங்கிவரும் பித்தநாளம் இதன் தலைப்பகுதியை ஒட்டிச் சென்றே சிறுகுடலை அடைகிறது. ஆழத்தில் மறைந்து கிடப்பதால் இதைத் தொட்டு அறிதல் அரிது. நோயுற்றாலும் நெடுநாள் வாய் திறவாது. கணையத்தில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பின்னரே வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இவ்வுறுப்பின்மீது ஏன் இத்தனை அக்கறை என்று நண்பர்கள் வினவுவதுண்டு. அதற்கான விடை போளூரில் இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறையையும் மன்னவனூரையும் கடந்து செல்லும் மேல்மலைப் பாதையின் கோடியில் உள்ள சிற்றூர்களுள் ஒன்று போளூர். என் அத்தா பூண்டு வணிகர். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றுப் புகழடைந்த கொடைக்கானல் மலைப்பூண்டை, அதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே மேல்மலை ஊர்களில் விலைபேசி வாங்கி, பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பி வந்தார். போளூரில் படிப்படியாய் இறங்கும் நிலத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வந்த ஒருவரோடு அவருக்கு முப்பது ஆண்டுக்காலக் கொடுக்கல் வாங்கல். அவர் அத்தாவை 'ராவுத்தரே' என்று அழைப்பார். அத்தா அவரை 'அண்ணே' என்பார். எங்களுக்கு அவர் பெரியப்பா.

2009ஆம் ஆண்டில் அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இரத்தச் சோதனையில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அவர் குடும்பத்தில் எவருக்கும் அந்நோய் இருந்ததில்லை. சில திங்களில் உடல் மெலிந்தது; சட்டை தோளில் தொங்கியது. "சர்க்கரை வந்தால் இளைக்கத்தான் செய்யும்" என்று ஊரார் ஆறுதல் கூறினர். பின்னர்க் கண்கள் மஞ்சளாயின. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தனர். மஞ்சள் இறங்கவில்லை. மதுரைக்கு அழைத்துவந்து ஸ்கேன் எடுத்தபோது, கணையத்தின் தலைப்பகுதியில் எழுந்த கட்டி பித்தநாளத்தை நெரித்துக் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. மூன்று மாதங்களில் அவர் மறைந்தார். துக்கம் கேட்டு மலையிறங்கி வந்த அத்தா என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "சர்க்கரைக்கு இப்படி ஆளையே கொண்டுபோகும் வேகம் உண்டா?"

அக்கேள்விக்கு விடை தேடிய வழியில்தான் மருத்துவர் சுரேஷ் சாரியின் ஆய்வுகளை அறிந்தேன். அவ்வாய்வுகளின் தொடக்கப் பக்கங்களுள் ஒன்று நம் சென்னையைப் பற்றியது என்பது எனக்கு வியப்பளித்தது. தமிழகத்திலும் கேரளத்திலும் இளவயதிலேயே கணையத்தில் கற்கள் உண்டாகி, பின்னர் நீரிழிவாக முடியும் ஒரு நோய் உண்டு. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்பது அதன் பெயர். அந்நோய் கொண்ட 185 பேரைத் தொடர்ந்து கவனித்து, சாரியும் மருத்துவர்கள் வி. மோகன், எம். விசுவநாதன், என். மதனகோபாலன் முதலியோரும் 1994ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் இறந்தோர் 24 பேர். அந்த 24 பேரில் அறுவரின் உயிரைக் கொண்டது கணையப் புற்றுநோய். பிறரை நோக்க இந்நோயாளிகளுக்கு அப்புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூறு மடங்கு என்று அக்கட்டுரை கணக்கிட்டது.

பின்னர் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய சாரி, கணையத்துக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவை மறுமுனையிலிருந்து நோக்கினார். ஐம்பது வயதுக்குப் பின் புதிதாக நீரிழிவு காணும் ஒருவருக்குள் புற்றுநோய் முன்னரே ஒளிந்திருக்கக் கூடுமோ என்பது அவர் எழுப்பிய வினா. ரோச்செஸ்டர் நகரில் அவ்வாறு நீரிழிவு கண்ட 2,122 பேரின் மருத்துவப் பதிவேடுகளை அவர் குழுவினர் ஆராய்ந்தனர். மூன்று ஆண்டுகளுக்குள் அவர்களில் 18 பேருக்குக் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. பொதுவாக எதிர்பார்க்கத் தக்கதைவிட இஃது ஏறத்தாழ எட்டு மடங்கு. இம்முடிவு வெளிவந்தது 2005ஆம் ஆண்டில். நான்கு ஆண்டுகள் கழிந்தும் அச்செய்தி போளூர்வரை வந்து சேரவில்லை.

2008ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் தெளிவு தந்தது. கணையப் புற்றுக்காக அறுவை செய்துகொண்டவர்களுள், அண்மையில் நீரிழிவு தோன்றியவர்கள் 30 பேர். கட்டியை அகற்றியபின் அவர்களில் 17 பேருக்கு நீரிழிவு நீங்கிவிட்டது. நெடுங்காலமாக நீரிழிவு இருந்தவர்களுக்கோ அவ்வாறு நீங்கவில்லை. எனவே அத்தகைய புதிய சர்க்கரை, கட்டியின் விளைவே என்பது புலனாகிறது. அத்தாவின் கேள்விக்கு இதனையே விடையாகக் கூறினேன்: பெரியப்பாவைக் கொண்டுபோனது சர்க்கரையன்று, கொண்டுபோக வந்ததை முன்கூட்டி அறிவிக்க வந்த தூதே அது.

இதனைப் படிக்கும் பெரியோர் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அந்த 2,122 பேரில் 2,104 பேருக்கு மூன்றாண்டுகளில் அந்நோய் காணப்படவில்லை. நீரிழிவு கண்ட எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்புவது இயலாது. அது வீண் அச்சத்தையும் வீண் செலவையுமே தரும். ஆகவே எவரை மேலும் சோதிக்க வேண்டும் எனப் பிரித்தறிய, சாரியின் குழுவினர் 2018ஆம் ஆண்டில் ஓர் எளிய மதிப்பெண் முறையை வகுத்தனர். நீரிழிவு தோன்றியபோது வயது என்ன, முந்தைய ஆண்டைவிடச் சர்க்கரை எவ்வளவு ஏறியது, எடை எவ்வளவு குறைந்தது என்னும் மூன்றே கேள்விகள். வழக்கமான நீரிழிவு பெரும்பாலும் உடல் எடை கூடியவர்களை நாடி வரும். புற்றின் வழியே வருவதோ எடை இறங்க இறங்கச் சர்க்கரை ஏறுவதாய் இருக்கும்.

அவருடைய பணிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. கணையம் வீங்கிப் பித்தநாளம் சுருங்கி மஞ்சள் காமாலை தோன்றுவதெல்லாம் புற்றுநோய் ஆகாது. உடலின் காவற்படையே கணையத்தைத் தாக்கும் ஒரு நோய் உண்டு. 1995ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்கள் அதற்குப் பெயரிட்டனர். படத்தில் அது கணையப் புற்றைப் போலவும் பித்தநாளப் புற்றைப் போலவும் தோற்றம் காட்டும். புற்றென்று கருதிப் பேரறுவை செய்து, அகற்றிய பகுதியைச் சோதித்தபோது புற்று இல்லையென அறிந்த நிகழ்ச்சிகளும் உண்டு. திசு, படம், இரத்தம், பிற உறுப்புகளின் நிலை, ஸ்டீராய்டு மருந்துக்கு நோய் இணங்குதல் ஆகிய ஐந்தையும் சேர்த்து நோக்கி அந்நோயைத் தெளியும் நெறியைச் சாரியும் அவர் குழுவினரும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கத்தி வேண்டியவருக்குக் காலத்தே கத்தியும், மாத்திரை போதுமானவருக்கு மாத்திரையும் சேர வேண்டும் என்பதே இவ்விரு பணிகளின் உட்பொருள். ஒரே தோற்றமுடைய இரு பாடங்களை ஒப்பிட்டு மெய்ப்பாடம் காணும் பதிப்பாசிரியரின் பொறுமை இதற்கும் வேண்டும் அன்றோ?

மாணவச் செல்வங்களே, மேற்சொன்ன மூன்று கேள்விகளை மீண்டும் எண்ணிப் பாருங்கள். வயதை எவரும் சொல்லிவிடலாம். சென்ற ஆண்டின் சர்க்கரையையும் சென்ற ஆண்டின் எடையையும் போளூரில் யார் சொல்வார்? ரோச்செஸ்டரில் பதிவேடு இருந்தது. அதனால் ஆய்வு பிறந்தது. பெரியப்பா வீட்டில் வடுகபட்டிக்கு ஏற்றிய பூண்டு மூட்டைகளின் எடை ஆண்டுவாரியாக நோட்டில் இருந்தது. அவருடைய எடை எங்கும் எழுதப்படவில்லை.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சிற்றூர்களுக்குச் செல்லும்போது மரம் நடுகிறீர்கள், சாலை செப்பனிடுகிறீர்கள். அத்துடன் ஓர் எடைபார்க்கும் கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். ஐம்பது கடந்த ஒவ்வொருவரின் எடையையும், சோதனைச் சீட்டு இருப்பின் சர்க்கரை அளவையும், தேதியிட்டு ஒரு தாளில் தமிழில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். ரேஷன் அட்டையோடு பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். புதிதாகச் சர்க்கரை கண்டு, உணவைக் குறைக்காமலே எடை இறங்குபவரையும், கண் மஞ்சளாகிச் சிறுநீர் கறுத்து மலம் வெளுத்தவரையும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். அடுத்த ஆண்டு அதே ஊருக்குச் சென்று, அதே தாளில் அடுத்த வரியை எழுதுங்கள். இரண்டாவது வரி எழுதப்படும்போதுதான் முதல் வரிக்குப் பொருள் பிறக்கும்.