தரைவிரிப்பு முடியுமிடம்

உல்லாசப் பயணக் கப்பலில் பயணிகள் உலவும் பகுதியையும் பணியாளர் புழங்கும் பகுதியையும் பிரிப்பது பெரும்பாலும் ஒரு சாதாரணக் கதவுதான். அதன் இப்புறம் தரைவிரிப்பும் மெல்லிய இசையும் இருக்க, அப்புறம் வண்ணம் பூசிய எஃகுத் தரையும், தலைக்கு மேல் மறைப்பின்றி ஓடும் குழாய்களும், வெள்ளைக் குழல்விளக்குகளும் தொடங்கிவிடுகின்றன. கட்டணம் செலுத்திய ஒரு சிறு குழுவுக்கு அந்தக் கதவைச் சுமார் மூன்று மணி நேரம் திறந்துவிட்டு, கப்பலின் ஓட்டத்துக்கோ பணியாளரின் ஓய்வுக்கோ குந்தகம் வராமல் மறுபடி மூடுவது இன்று தனியொரு தொழில்நுணுக்கமாக வளர்ந்துள்ளது. பிரின்சஸ் நிறுவனம் இதனை 'அல்டிமேட் ஷிப் டூர்' என்றும், கார்னிவல் 'பிஹைண்ட் த ஃபன்' என்றும், ராயல் கரீபியன் 'ஆல் அக்சஸ் டூர்' என்றும் பெயரிட்டு விற்றுவந்துள்ளன. தமிழில் இதைப் 'புறக்கடைச் சுற்று' என்று அழைக்கலாம். விருந்தாளியை வாசலில் வரவேற்றுக் கூடத்தில் உட்காரவைத்த வீட்டார், அவரைப் பின்கட்டுக்கும் கூட்டிச்சென்று அடுப்படியையும் கிணற்றடியையும் காட்டுவதற்கு ஒப்பானது அது.

ஒரு காலத்தில் இதற்கு ஏற்பாடு என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. கப்பல் தலைவரின் அழைப்பின் பேரிலோ, முன்கூட்டிப் பெயர் பதிந்துகொண்டோ பயணிகள் பிரிட்ஜுக்குச் சென்றுவந்தனர். பிரிட்ஜ் என்பது கப்பலைச் செலுத்தும் அதிகாரிகள் முறைவைத்துக் கடமையாற்றும், முன்னே கடலை நோக்கிய கண்ணாடி அறை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அவ்வழக்கம் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. 2002 டிசம்பரில் ஏற்கப்பட்டு 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கப்பல் மற்றும் துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பு, ஒவ்வொரு கப்பலிலும் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்றும், நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளை வரையறுத்துக் காக்க வேண்டும் என்றும் விதித்தது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்லியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதி 32 பேர் உயிரிழந்தபோது, கடமைக்குத் தொடர்பில்லாதவர்களும் பிரிட்ஜில் நின்றிருந்தது விசாரணையில் வெளிப்பட்டதால், கப்பலை நெருக்கமான நீர்ப்பரப்பில் திருப்பும் நேரங்களிலும் கூடுதல் விழிப்புத் தேவைப்படும் நேரங்களிலும் பணித்தொடர்புள்ளோரைத் தவிர வேறெவரும் அங்கே இருக்கலாகாது என்ற கொள்கையை உல்லாசக் கப்பல் துறை அவ்வாண்டே வகுத்துக்கொண்டது. இலவச உபசாரமாக இருந்த ஒன்று கதவு பூட்டப்பட்ட பிறகே விலைப்பொருளாயிற்று என்பதை இவ்வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

புறக்கடைச் சுற்றை ஒழுங்குசெய்பவருக்கு அதற்கென்று தனிப் பதவிப்பெயர் இருப்பது அரிது. பொழுதுபோக்குப் பிரிவைச் சேர்ந்த ஒருவரோ, பயணிகள் சேவை மேசையில் இருப்பவரோ தம் வழக்கமான வேலைகளோடு இதனையும் கவனிக்கிறார். பெயர்ப்பட்டியல் தயாரிப்பதும், கட்டணத்தைப் பயணியின் கப்பல் கணக்கில் ஏற்றுவதும், முன்புறம் மூடிய காலணி அணிந்துவருமாறு அறிவிப்பதும் இவ்வேலையின் எளிய பகுதி. தலைவருக்கு அடுத்த நிலையிலுள்ள ஸ்டாஃப் கேப்டன், தலைமைப் பொறியாளர், தங்கல் மற்றும் உணவுப் பிரிவுகளை ஆளும் ஹோட்டல் இயக்குநர், தலைமைச் சமையற்கலைஞர், பாதுகாப்பு அதிகாரி ஆகிய ஐவரின் ஒப்புதலையும் ஒரே காலைப்பொழுதுக்குள் பொருத்துவதில்தான் அவருடைய திறமை வெளிப்படுகிறது. ஏனெனில் அந்த ஐவரின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை.

எல்லாக் கடிகாரங்களுக்கும் மேலாக ஓய்வின் கடிகாரம் ஒன்று உண்டு. 2006இல் நிறைவேற்றப்பட்டு 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையிலுள்ள கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஓய்வுக்கு வகுத்துள்ள அளவின்படி, பணியாளருக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரமும், எந்த ஏழு நாட்களிலும் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு கிடைக்க வேண்டும். அந்தப் பத்து மணி நேரத்தை இரண்டு கூறுகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது, அவற்றுள் ஒன்று ஆறு மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது. காகிதத்தில் இது சிறு கணக்காகத் தோன்றினாலும், விடியும் வரை வேலைசெய்த சலவைப் பிரிவு மேற்பார்வையாளரைக் காலை பத்து மணிக்கு எழுப்பிப் பயணிகளுக்கு இயந்திரங்களைப் பற்றிப் பேசச் சொன்னால், அவருடைய ஆறு மணி நேரத் தூக்கம் உடைந்து, அன்றைய ஓய்வுப் பதிவேட்டில் ஒரு மீறல் ஏறிவிடும். ஆகவே அனுபவமுள்ள ஒழுங்கமைப்பாளர் எந்த இடத்தைக் காட்டுவது என்று முதலில் கேட்பதில்லை. யார் விழித்திருக்கிறார் என்றுதான் கேட்கிறார்.

இக்கேள்வியிலிருந்தே நடையின் வரிசை அமைகிறது. எந்தத் துறைமுகத்தையும் தொடாத 'கடல்நாள்' ஒன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது. துறைமுக நாட்களில் சரக்கேற்றமும் எரிபொருள் நிரப்பலும் பணியாளர் பயிற்சிகளும் நடப்பதால் புறக்கடையில் வெளியாருக்கு இடமிராது. காலையில் ஆளரவமற்றிருக்கும் நாடக அரங்கின் பின்மேடையில் சுற்று தொடங்குவது பொதுவான முறை. ஆடைமாற்ற அறைகளும், கப்பல் ஆடினாலும் சரியாதபடி கட்டிவைக்கப்பட்ட காட்சியமைப்புகளும் அங்கே காட்டப்படுகின்றன. காலையுணவு முடிந்து மதிய உணவு தொடங்காத இடைவேளையில் சமையற்கூடம், அதையொட்டி உணவுக் கிடங்குகள், பின்னர் சலவைக்கூடம், கழிவு பிரிக்கும் அறை, பொறிக் கட்டுப்பாட்டு அறை என்று கீழ்த்தளங்களுக்கு இறங்கி, இறுதியில் மேலேறிப் பிரிட்ஜில் முடிவது வழக்கம். கடல் சீறினால் சுற்று ரத்தாகும். வயிற்றுப்போக்குத் தொற்று தலைகாட்டினாலும் அப்படியே.

கீழே இறங்கியதும் கண்ணில் படுவது, கப்பலின் நீளவாக்கில் ஓடும் பணியாளர் பெருவழி. அமெரிக்கச் சந்தையை நம்பிய கப்பல்களில் இதற்கு 'ஐ-95' என்று பெயர்; மயாமியிலிருந்து வடக்கே கனடா எல்லை வரை செல்லும் கிழக்குக்கரை நெடுஞ்சாலையின் எண் அது. பிரித்தானிய மரபிலுள்ள கப்பல்களில் அதையே 'பர்மா ரோடு' என்கின்றனர். பர்மா வழி என்றதும் தமிழ் வாசகருக்கு 1942இல் அகதிகள் நடந்தே தாயகம் திரும்பிய கதைதான் நினைவுக்கு வரும். கப்பற்பெயருக்கு மூலமான சாலையோ லாஷியோவிலிருந்து சீனத்தின் குன்மிங் வரை 1930களின் இறுதியில் போடப்பட்ட சரக்குப் பாதை. இப்பெருவழியில் தட்டுமேடைகளைத் தள்ளிவருவோர், சீருடையோடு விரைவோர், அறிவிப்புப் பலகை முன் நிற்போர் எனப் பல நாட்டவர் குறுக்கும் நெடுக்குமாகச் செல்ல, பார்வையாளர் குழு சுவரோரம் ஒற்றை வரிசையில் நடத்தப்படுகிறது. 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் பணியாளர் மட்டும் சுமார் 2,350 பேர். அத்தனை பேர் புழங்கும் வழியில் பதினைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தால் ஓர் உணவு வேளையே தாமதப்படக்கூடும். குழுவின் முன்னே ஒழுங்கமைப்பாளரும் பின்னே பாதுகாப்புப் பணியாளரும் நடக்கின்றனர். பின்னே வருபவரின் வேலை ஒவ்வொரு கதவைக் கடக்கும்போதும் தலைகளை எண்ணுவது. பல நிறுவனங்களில் கைப்பேசிக்கும் படக்கருவிக்கும் அனுமதியில்லை.

கப்பலின் சமையற்கூடத்தை மாலுமிகள் 'கேலி' என்பர். தமிழ்க் காதுக்கு அச்சொல் வேறு பொருள் தருவதால் இங்கே அது தவிர்க்கப்படுகிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வெளிநாட்டுப் பயணத்தின் வழியில் வந்துசேரும், 13 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் கப்பல்களை, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1970களிலிருந்து நடத்திவரும் கப்பல் துப்புரவுத் திட்டத்தின் கீழ் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கிறது. நூற்றுக்கு 85 அல்லது அதற்குக் குறைவான மதிப்பெண் பெற்றால் தோல்வி. குளிர்ந்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கு மேலேயும், சூடான உணவு 57 டிகிரிக்குக் கீழேயும் போகக் கூடாது. இறைச்சிக்கு ஒரு நிறமும் காய்கறிக்கு வேறொரு நிறமும் என வெட்டுப்பலகைகள் நிறத்தால் பிரிக்கப்பட்டுள்ளன. இத்தகைய இடத்துக்கு வெளியார் வருவதே ஓர் இடர்தான். அதனால் அண்மையில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்ததா என்று எழுதி வாங்கி, கைகளைக் கழுவச்செய்து, எதையும் தொடாதிருக்கச் சொல்லியே குழுவை உள்ளே விடுகின்றனர். சமையல் செய்முறைக் காட்சி முடிந்ததும் நூற்றுக்கணக்கானோரை வரிசையாக ஒரு வாசலில் விட்டு மறுவாசலில் வெளியேற்றும் இலவசச் சமையற்கூட நடையும் சில கப்பல்களில் உண்டு. அதில் காண்பது துருப்பிடிக்கா எஃகு மட்டுமே, வேலை அல்ல.

சிறுகுழுச் சுற்றில் வேலை கண்ணுக்குத் தெரிகிறது என்றாலும், அதன் குரல் எல்லோரிடமிருந்தும் வருவதில்லை. தமிழில் 'விளக்குதல்' என்ற சொல்லுக்கு எடுத்துரைத்தல் என்றும் பாத்திரம் துலக்குதல் என்றும் இரு பொருள் உண்டு. சமையற்கூடத்தில் முதல் வகை விளக்குபவர் உயர்ந்த வெள்ளைத் தொப்பியோடு முன்னால் நின்று பேச, இரண்டாம் வகை விளக்குபவர் நீராவி எழும் தொட்டியருகே முதுகு காட்டி நின்று, குழு கடக்கும்போது மட்டும் திரும்பிக் காலை வணக்கம் சொல்கிறார். அந்த வணக்கமும் பயிற்சியின் பகுதி. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வரும் இப்பணியாளர்கள், இந்தியருள் தலைமுறைகளாகக் கடல்வேலைக்குச் செல்லும் கோவாக்காரர்கள் உட்பட, பல மாத ஒப்பந்தத்தில் வாரவிடுமுறையின்றி உழைப்பவர்கள். அவர்களைத் துறைத்தலைவரின் வாய்வழியே மட்டும் அறிமுகப்படுத்துவது இச்சுற்றின் பெருங்குறை. ஐந்து நிமிடம் அவர்களுள் ஒருவரைப் பேசவிடுவதற்கு எந்தப் பாதுகாப்பு விதியும் தடையாக இல்லை.

எதிர்பாராத விதமாகப் பார்வையாளர் அதிகக் கேள்வி கேட்குமிடங்களுள் ஒன்று கழிவு பிரிக்கும் அறை. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு, நெகிழியை எவ்விடத்திலும் கடலில் கொட்டுவதை முற்றாகத் தடைசெய்கிறது. உணவுக்கழிவை 25 மில்லிமீட்டருக்கு மேற்படாத துகளாக அரைத்தால் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பாலும், அரைக்காவிட்டால் 12 கடல்மைலுக்கு அப்பாலும், சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகள் தவிர்ந்த நீரில், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே விடலாம். எனவே ஒவ்வொரு குப்பைப்பையும் கையால் பிரிக்கப்பட்டு, கண்ணாடி நொறுக்கப்பட்டு, உலோகக் குவளைகள் அழுத்திக் கட்டப்படுகின்றன. மறுசுழற்சிக்கு விற்ற பணம் பணியாளர் நலநிதிக்குச் செல்லும் கப்பல்களும் உண்டு. முந்தைய இரவு தாம் எறிந்தவை மேசைமேல் கொட்டிப் பிரிக்கப்படுவதைக் காணும் பயணிகளின் பேச்சு அங்கே சற்றுத் தணிந்துவிடுகிறது. சலவைக்கூடத்தில் அந்த மௌனம் இல்லை. விரிப்புகளைத் தேய்த்து மடித்துத் தள்ளும் இயந்திரம் எல்லோரையும் சிறுபிள்ளைகளாக்கிவிடுகிறது.

பொறியறையே காட்டப்படுவதில்லை, அதன் வெப்பமும் காதடைக்கும் இரைச்சலும் விருந்தினருக்கு உகந்தவையல்ல. அதற்குப் பதிலாகத் திரைகள் நிறைந்த கட்டுப்பாட்டு அறையில் நிறுத்தி, டீசல் பொறிகள் மின்சாரத்தை ஆக்க, அம்மின்சாரமே உந்திகளைச் சுழற்றும் மோட்டார்களையும் விளக்கையும் குளிர்சாதனத்தையும் இயக்கும் முறையைப் பொறியாளர் சொல்கிறார்.

காட்டாமல் விடப்படும் இடங்களை அறிவதும் இத்தொழிலில் அடக்கம். பிணவறை, ஒழுங்குமீறுவோரை அடைக்கும் சிறையறை, பணியாளர் உறங்கும் அறை ஆகியவை பட்டியலில் இடம்பெறுவதில்லை. அண்மைக்காலப் பயணிகள் கப்பல்களில் சாதாரணப் பணியாளர் இருவர் பகிரும் அறைக்கு மேற்சொன்ன தொழிலாளர் உடன்படிக்கை வகுத்த குறைந்த தரைப்பரப்பு 7.5 சதுர மீட்டர். அமெரிக்கச் சமூகவியலாளர் டீன் மக்கானல் 1973இல் எழுதிய ஆய்வுரையில், பயணிகள் தேடும் 'பின்னரங்கம்' பலவேளை அவர்களுக்கென்றே ஒப்பனை செய்யப்பட்ட மற்றொரு முன்னரங்கமாக இருக்கிறது என்று வாதிட்டார். 1900ஐ ஒட்டிய பாரிஸ் நகரில் பயணிகள் சாக்கடைகளையும் பிணவறையையும் பார்க்கச் சென்றதைத் தம் நூலில் ஆராய்ந்தவரும் அவரே. அவருடைய கருத்து கப்பலுக்குப் பாதிதான் பொருந்தும். தரை அன்று காலை கூடுதலாகத் துடைக்கப்பட்டிருக்கலாம், வணக்கம் பயிற்றப்பட்டதாக இருக்கலாம். ஆனால் அரைபடும் காய்கறித்தோலும், மலையாய்க் குவிந்த ஈரத் துண்டுகளும் பார்வையாளருக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. உறங்குமிடத்தைக் காட்டாதிருப்பதும் ஒளிப்பதாகாது. அந்தச் சின்னஞ்சிறு அறையில் ஒருவர் இரவுவேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

நண்பகலையொட்டிக் குழு பிரிட்ஜுக்கு ஏறுகிறது. கப்பல் திறந்த கடலில் நேர்வழியில் செல்வதும், கடமை அதிகாரியின் இசைவும் உறுதியான பிறகே கதவு திறக்கிறது. தலைவர் கைகுலுக்கிச் சில சொற்கள் பேசுகிறார், கப்பலின் புகைப்படக்காரர் ஒரு படம் எடுக்கிறார், காவல்முறையிலுள்ளவர் திரும்பிப் பார்ப்பதேயில்லை. பின்னர் குழு தரைவிரிப்புள்ள பக்கத்துக்கு மீண்டு, கடைசியாக ஒருமுறை எண்ணப்பட்டுக் கலைகிறது. சில நிறுவனங்கள் நினைவுப்பொருளாக ஒரு குளியல் மேலங்கியை அளிக்கின்றன. மடித்த மேலங்கியைப் பயணியின் கட்டில்மேல் வைத்துப் போகிறவர், புறக்கடைச் சுற்றில் எங்கும் தென்படாத அறைப்பணியாளர். அந்நேரம் பயணி மதிய உணவுக்குச் சென்றிருப்பார்.