வித்த வீட்டுக்கும் வாங்குற வீட்டுக்கும் நடுவுல

போன வருஷம் வைகாசியில எங்க ஓட்டு வீட்டை வித்தோம். அண்ணன் தம்பி மூணு பேர் பாகம். மத்த ரெண்டு பேரும் வெளியூர். அவங்க பங்குக்குப் பணம் கொடுத்து நானே வச்சிக்க வசதியில்லை. என் பங்குப் பணத்துல, மெயின் ரோட்டுப் பக்கம் ஒருத்தர் கட்டிக்கிட்டிருந்த புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். "ஆவணியில பால் காய்ச்சிடலாம்"னார்.

ஆவணி போச்சு. புரட்டாசியில எங்க பக்கம் குடிபோக மாட்டோம். ஐப்பசி, கார்த்திகையில டெல்டாவுல அடைமழை, பூச்சு வேலை நின்னுச்சு. மார்கழி ஆகாது. ஒரு மாசம் தவறினது தையில போய் நின்னுச்சு.

டவுன்ல வாடகைக்கு வீடு பார்த்தேன். எண்பது தாண்டின அம்மாவைப் பார்த்ததும் வீட்டுக்காரர் தயங்கினார். காரணம் எனக்கே புரிஞ்சுது. வயல்ல இருக்கிற மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்துல ஒரு சாய்ப்பு இறக்கி அங்கேயே குடியேறினோம். பத்தாயத்தைப் பிரிச்சு தார்ப்பாய் போட்டு மூடினோம். விவசாயக் கரண்டை வீட்டுக்கு எடுக்கக் கூடாதுங்கறதால சோலார் விளக்குதான்.

வித்த பணம் கையில இருந்தா உரம், கைமாத்துன்னு கரைஞ்சிடும். அதனால தனிக் கணக்குல போட்டேன். ஒரு ஆடிட்டர் சொன்னதையும் சொல்லிடுறேன். ரொம்ப காலம் வச்சிருந்த வீட்டை வித்த லாபத்துக்கு வரிவிலக்கு வேணும்னா, 2 வருஷத்துக்குள்ள வேற வீடு வாங்கணும். கட்டுறதுன்னா 3 வருஷம். வருமான வரிக் கணக்கு கொடுக்குற கெடுவுக்குள்ள அந்தப் பணம் செலவாகலைன்னா, பேங்க்ல மூலதன ஆதாயக் கணக்குன்னு இருக்கு, அதுல போட்டு வைக்கணும்.

பணத்துக்கு இப்படி வழி இருக்கு. அம்மா கேட்ட கேள்விக்குத்தான் என்கிட்ட பதில் இல்லை. ஒரு மழை ராத்திரி, "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எந்த வாசல்லேருந்துடா தூக்குவே?"ன்னுச்சு.

மறுநாள் வீட்டை வாங்கினவருக்குப் போன் போட்டேன். அவர் வளைகுடாவுல வேலை பார்க்கிறார். கூச்சத்தோட விஷயத்தைச் சொன்னேன். "வீடு சித்திரை வரைக்கும் பூட்டித்தானே கெடக்கு? முன்னாடியே சொல்லியிருந்தா அங்கேயே இருந்துக்கங்கன்னு சொல்லியிருப்பேனே. சாவியை வாங்கிக்கங்கண்ணே. எது நடந்தாலும் அது உங்க வாசல்தான்"னார்.

அம்மாகிட்ட சொன்னேன். "வித்த வீட்டுல போய்க் குடியிருக்கறதாவது"ன்னு வர மறுத்திடுச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குச்சு.

தையில புது வீட்டுக்கு வந்துட்டோம். அம்மா நல்லா இருக்கு. திண்ணை இல்லைன்னு தினமும் குறை சொல்லுது.

வீடு விக்கப் போறவங்களுக்கு என் அனுபவம் இதுதான். பத்திரம் முடிஞ்சதும் சாவி கொடுக்கறதா நாங்களே ஒத்துக்கிட்டோம். ஆறு மாசம் இருந்துட்டுக் காலி பண்றோம்னு கிரய ஒப்பந்தத்துல ஒரு வரி கேட்டிருக்கலாம். கட்டுறவர்கிட்டேயும் முடிக்கிற தேதியை எழுதி வாங்கி, தவறினா மாச வாடகை அவர் தரணும்னு சேர்த்திருக்கலாம். ரெண்டையும் நான் கேக்கலை. கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்குத்தான் அம்மா அத்தனை மாசம் சாய்ப்புல படுத்துக் கெடந்துச்சு.