மஞ்சள் விளக்கும் ஒட்சிசன் சென்சரும்

பழைய கார் வாங்கி ஓடும் எம்மவர்களில் இந்த மஞ்சள் விளக்கைக் காணாதவர்கள் குறைவு. ஸ்ரியறிங்குக்கு முன்னால், என்ஜினின் உருவம் போட்டு எரியும் சின்ன விளக்கு. அது நிலையாக எரிந்தால் கார் ஓடும், ஆனால் கவனிக்க வேண்டும். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டத்தை நிறுத்துவதே நல்லது. சரியாக எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், விலை கூடிய கற்றலிற்றிக் கொன்வேட்டரைப் பழுதாக்கிவிடும்.

எமது காரில் அது நிலையாக எரிந்தது. காட்டிய கராஜில் ஒட்சிசன் சென்சரும் கொன்வேட்டரும் இரண்டும் மாற்ற வேண்டும், 1800 டொலர் என்றார்கள். வீட்டில் இருப்பது ஒரே கார். ஒருவருக்கு இரவு வேலை, மற்றவருக்கு விடியற்காலை வேலை. அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. காரை விட்டால் வேலையை விட்டமாதிரித்தான். பணத்துக்கு எங்கே போவது?

யாழ்ப்பாணத்தில் முன்பு கராஜ் வைத்திருந்த அண்ணர் ஒருவரிடம் கேட்டோம். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்த கைகள் அவருடையவை. அவர் சொன்னார்: "விளக்கு எரிஞ்சா சென்சர் பிழையெண்டு அர்த்தமில்லை. அந்தப் பக்கம் ஏதோ பிழையெண்டுதான் சொல்லுது. முதல்லை என்ன நம்பர் எண்டு பாருங்கோ."

ஊரில் அவர் சைலன்சர் புகையை மணந்து பார்த்தே பெற்றோல் கூடவா குறையவா என்று சொல்வாராம். இன்றைய கார்களில் அந்த மூக்குத்தான் ஒட்சிசன் சென்சர். புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து கணினிக்குச் சொல்லும். ஒரு பங்கு பெற்றோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. பெற்றோல் கூடினால் சென்சர் 0.9 வோல்ற் வரை காட்டும். காற்றுக் கூடினால் 0.1 வோல்ற் வரை இறங்கும். நல்ல சென்சர் இந்த இரண்டுக்கும் இடையில் ஓயாமல் ஏறி இறங்கும். ஆனால் முந்நூறு பாகைக்கு மேல் சூடேறினால்தான் அது வேலை செய்யும். அதற்காக உள்ளே ஒரு சின்ன ஹீற்றர் வைத்திருக்கிறார்கள்.

கனடாவில் 1998 மாடலிலிருந்து வந்த கார்களில் ஸ்ரியறிங்குக்குக் கீழே ஒரு சொக்கற் இருக்கும். மலிவான வாசிப்புக் கருவி ஒன்றை அதில் செருகினோம். பி0135 என்று வந்தது. முன் சென்சரின் ஹீற்றர் மின்சுற்றில் பிழை என்பது பொருள். கொன்வேட்டர் சரியில்லை என்றால் வழக்கமாக வரும் பி0420 வரவேயில்லை. ஆக, கொன்வேட்டரை மாற்றச் சொன்னதற்கு நியாயம் எதுவும் எமக்குத் தெரியவில்லை.

பியூஸ் பார்த்தோம், நல்லது. சென்சரின் வயரைக் கழற்றி, என்ஜினை இயக்கிவிட்டு, கார்ப் பக்கத்து இணைப்பை மல்ரி மீற்றரால் பார்த்தோம், மின்சாரம் வந்தது. (மூடிய கராஜுக்குள் இதைச் செய்யவேண்டாம். புகை ஆளைக் கொல்லும்.) பிறகு என்ஜினை நிறுத்தி, சென்சர்ப் பக்கத்தில் ஹீற்றர் வயர்கள் இரண்டுக்கும் இடையே தடையைப் பார்த்தோம். அவை பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும். சில ஓம் காட்டவேண்டிய இடத்தில் மீற்றர் அசையவே இல்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது. சென்சர்தான் பிழை என்பது அப்போதுதான் நிச்சயமாயிற்று.

கழற்றுவதுதான் பெரிய பாடு. இங்கே றோட்டுக்குப் போடும் உப்பினால் எல்லாம் கறல் பிடித்திருக்கும். கறல் இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அடித்து விட்டோம். வயர் வெளியே வர வெட்டு விட்ட 22 மில்லிமீற்றர் சொக்கற் இதற்கென்றே உண்டு. சில உதிரிப்பாகக் கடைகளில் வைப்புப் பணம் கட்டினால் இரவல் தருவார்கள். காரை ஜக்கில் மட்டும் நிறுத்திக் கீழே போகாமல் ஸ்ராண்ட் வைத்தோம். என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது அண்ணர் ஒரு இழுவை இழுத்தார், இளகியது. புதியதன் புரியில் மட்டும் பிடிக்காமலிருக்கப் பூசும் பசையைத் தடவ வேண்டும். நுனியில் பட்டால் சென்சர் கெட்டுவிடும். சிலிக்கோன் பசை அந்தப் பக்கமே போகக்கூடாது.

சென்சருக்கு 95 டொலர் முடிந்தது. அண்ணர் கூலி வாங்க மறுத்துவிட்டார். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் இதேதான் பிழையாக இருக்கும் என்றில்லை. பி0171 வந்தால் சென்சரை விட்டுவிட்டு, காற்று ஒழுகும் வெடித்த ரப்பர்க் குழாய்களை முதலில் தேடுங்கள். சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும், வெளிக்காற்று உள்ளே போய் நல்ல சென்சரைப் பொய் சொல்ல வைக்கும். பிந்திய மாடல்கள் பலவற்றில் முன் சென்சர் வேறு வகை. அதற்கு நாம் சொன்ன வோல்ற் கணக்குப் பொருந்தாது, அந்தக் காருக்குரிய கைநூலைப் பார்த்தே சோதிக்க வேண்டும்.