லெப்ட்... ரைட்... லண்டன்!

லண்டனுக்குப் போகிறவர்கள் என்ன பார்ப்பார்கள்? பிக் பென் பார்ப்பார்கள். தேம்ஸ் நதியைப் பார்த்து, 'ப்பூ... நம்ம காவிரியில பாதி கூட இல்லையே!' என்பார்கள். மேடம் டுஸாட்ஸில் மெழுகு பொம்மை தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

நான் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, ஓல்டு ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு வைத்தியர் வீட்டைத் தேடி நடந்தேன். வைத்தியர் இறந்து இருநூறு வருஷம் ஆகிறது. அவர் வீட்டையும் எப்போதோ இடித்துவிட்டார்கள். இல்லாத மனிதரை இல்லாத வீட்டில் போய்ப் பார்ப்பானேன் என்றுதானே கேட்கிறீர்கள்?

எல்லாம் அப்பாவால்தான்.

அப்பா கும்பகோணத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். முப்பது வருஷம் விசில் ஊதியே ஊரில் பாதிப்பேரை நிமிர்த்தியவர். எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதே 'அட்டென்ஷன்' ரகம்தான். அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் வலது கட்டைவிரல் மட்டும் தானாக ஆட ஆரம்பித்தது. அடுத்து கை. பிறகு நடை சுருங்கி, சின்னச் சின்ன அடியாக ஆனது. முகத்தில் சிரிப்பே வராமல் போனது. (அது முன்பும் அதிகம் வராது என்பதால் நாங்கள் கவனிக்கவில்லை!) நியூராலஜிஸ்ட் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "பார்க்கின்சன்ஸ்" என்றார்.

மாத்திரை கேட்டது. நடந்தார். ஆனால், ஒருநாள் காபி கடையில் டம்ளர் டவராவோடு மோதி 'டகடக'வென்று தாளம் போட, பழைய மாணவன் ஒருவன், "என்ன சார், கை தனியா டான்ஸ் ஆடுது?" என்று சிரித்துவிட்டான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அப்பா அதற்கப்புறம் வாசல்படி தாண்டவில்லை.

ஆபீஸில் என்னை மூன்று மாசம் லண்டனுக்கு டெபுடேஷன் போட்ட நேரத்தில்தான் இதெல்லாம். வந்த முதல் சனிக்கிழமை ராத்திரி அம்மா போனில் கிசுகிசுத்தாள்.

"உங்கப்பா மாத்திரையை நிறுத்திட்டார்டா. யாரோ ஒருத்தர் சூரணம் குடுத்திருக்கார். நாப்பத்தெட்டு நாள்ல வேரோட போயிடுமாம். காலைலேர்ந்து கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியல. கட்டை மாதிரி கெடக்கார். நான் சொன்னேன்னு சொல்லாதே."

அன்றிரவு தூக்கம் வருமா? பொழுது விடிந்ததும் கிளம்பிவிட்டேன். ஐயாயிரம் மைல் தள்ளி இருக்கிற அப்பாவை ஒன்றும் செய்ய முடியாத கோபத்தை, அந்த பார்க்கின்சன் வீட்டு வாசலிலாவது போய்க் காட்டலாம் என்று!

ஹாக்ஸ்டன் ஸ்கொயர் ஒரு சின்னச் சதுரத் தோட்டம். நடுவில் மரங்கள், பெஞ்சுகள். சுற்றிலும் ஹோட்டல்கள். இளவட்டங்கள் வெயிலில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். ஒன்றாம் நம்பர் கட்டடச் சுவரில் ஒரு வட்டத் தகடு: ஜேம்ஸ் பார்க்கின்சன், 1755 - 1824. அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவனிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாது மேட்" என்று சொல்லிவிட்டு சாண்ட்விச்சைத் தொடர்ந்தான்.

மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. இதே ஹாக்ஸ்டனில் பிறந்து, இங்கேயே அப்பாவைப் போல வைத்தியம் பார்த்தவர். ஓய்வு நேரத்தில் ஏழைகளுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று புனைபெயரில் துண்டுப் பிரசுரம் எழுதுவார். பொம்மைத் துப்பாக்கியில் விஷ அம்பு வைத்து மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் கொல்லச் சதி என்று 1794-ல் ஒரு கேஸ் கிளம்ப, பிரிவி கவுன்சில் இவரையும் கூப்பிட்டு விசாரித்தது. தப்பித்தார். அதற்கப்புறம் கல்லும் கட்டையுமாகப் பொறுக்கி ஃபாஸில் ஆராய்ச்சி செய்தார். இத்தனைக்கும் இவருக்கு ஒரு படம் கூடக் கிடையாது. இவர் பேரைப் போட்டு ஒரு தாடிக்காரர் போட்டோவை அங்கங்கே வெளியிடுகிறார்கள். அது வேறு ஆசாமி. இவர் போகும்போது மனுஷனை போட்டோ எடுக்கிற வித்தையே வரவில்லை!

1817-ல், அறுபத்திரண்டாவது வயதில், 66 பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டார். நடுக்குவாதம் பற்றி. மொத்தம் ஆறே ஆறு நோயாளிகள். அதிலும் பாருங்கள்... மூன்று பேர் இவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களே இல்லை. தெருவில் பார்த்தவர்கள்! ஒருவர் மாஜிஸ்திரேட் ஆபீஸ் சிப்பந்தி. ஒருவர் முன்னாள் மாலுமி. இன்னொருவரைத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி.

பெஞ்சில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று பேரும், 'கை ஆடுதே, நாலு பேர் சிரிப்பானே' என்று வீட்டுக்குள்ளேயே கிடந்திருந்தால்? அவர்கள் வெளியே நடந்தார்கள். ஒரு மனிதர் சிரிக்காமல் உற்றுப் பார்த்தார். அப்படித்தான் இந்த வியாதிக்கு ஒரு பேர் வந்தது. கோபம் காட்ட வந்தவன், தகட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஷோர்டிட்ச் செயின்ட் லெனார்டு சர்ச். அவருக்கு ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் அங்கேதான்.

திரும்புகிற பஸ்ஸின் குலுக்கலில் இன்னொரு கதை ஞாபகம் வந்தது. வியாதிக்குப் பார்க்கின்சன் பேரை வைத்தவர் பாரீஸ் டாக்டர் ஷார்கோ. 'நெடுந்தூரம் ரயிலில் குலுங்கி வந்தால் உடம்பு லேசாக இருக்கிறது' என்று நோயாளிகள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். உடனே 1892-ல் குலுங்குகிற நாற்காலி ஒன்றை வைத்தே வைத்தியம் பார்த்தார்! நம்ம ஊர் டவுன் பஸ்ஸைப் பார்த்திருந்தால் நாற்காலி செலவு மிச்சம். 2012-ல் அமெரிக்காவில் 23 பேரை வைத்து இதை மறுபடி சோதித்தார்கள். பாதிப்பேருக்கு ஓசையோடு குலுக்கல். பாதிப்பேருக்கு ஓசை மட்டும். இரண்டு கோஷ்டிக்கும் ஒரே மாதிரிதான் தேறியது. ஆக, குலுக்கலில் ஒன்றும் இல்லை. அக்கறையாக உட்கார வைத்து, நம்பிக்கை கொடுத்தாலே மனுஷன் கொஞ்சம் தேறுகிறான். சூரணக்காரர்கள் பிழைப்பதும் அந்தக் 'கொஞ்சத்தில்'தான்.

நான் தங்கியிருந்தது ஈஸ்ட் ஹாமில், ஒரு யாழ்ப்பாணத்து அங்கிள் வீட்டு மாடியில். நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து, "என்ன தம்பி, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்றார். கொட்டித் தீர்த்தேன். அவர் சிரித்தார்.

"எங்கட வீட்டிலையும் அதே ஆள்தான் தம்பி இருக்கிறார். ஆன்ட்டிக்கு ஒன்பது வருஷம். நீங்கள் கவனிக்கேல்லையோ?"

கவனிக்கவில்லை! தினம் எனக்குத் தேநீர் தருகிற ஆன்ட்டி, எப்போதும் அரைக் கோப்பைதான் தருவார். சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சே!

"மருந்து நிப்பாட்டக் கூடாது. திடீரெண்டு நிப்பாட்டினால் ஆபத்து. முதல் உங்கட டாக்டருக்கு எடுங்கோ. பிறகு வியாழக்கிழமை எங்களோடை வாங்கோ, ஒரு இடம் காட்டுறன்."

ஊர் டாக்டருக்குப் போன் போட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். உடனே அழைத்து வரச் சொன்னார். அப்பா மசியவில்லை. "இங்கிலீஷ் மருந்து எல்லாம் கெமிக்கல்டா. இது மூலிகை!"

அப்போதுதான் எனக்கு மெட்ராஸ் கைகொடுத்தது.

"அப்பா, பூனைக்காலி தெரியுமா?"

"ஏன் தெரியாது? மேல பட்டா அரிக்கும். பசங்க கிளாஸ்ல கொண்டுவந்து போட்டிருக்கானுங்க."

"அந்த விதையிலதான் லெவோடோபா இருக்கு. உங்க மாத்திரையில இருக்கறதும் அதேதான். 1937-லயே நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டி லேப்ல தாமோதரன், ராமசாமின்னு ரெண்டு பேர் பூனைக்காலி விதையில இருந்து அதைப் பிரிச்சு எடுத்திருக்காங்க. பார்க்கின்சனுக்கு அது மருந்துன்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே 1960-க்கு அப்புறம்தான். ஆயுர்வேதத்துல கம்பவாதத்துக்கு அந்த விதையைக் குடுத்தது அதுக்கெல்லாம் முந்தி!"

"பாத்தியா? அப்ப மூலிகைதானே பெரிசு!"

"மாத்திரையில எத்தனை மில்லிகிராம்னு அட்டையில போட்டிருக்கு. உங்க பொட்டலத்துல என்னப்பா போட்டிருக்கு?"

மறுமுனையில் சத்தம் இல்லை. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். பேர் இல்லை, அளவு இல்லை, விலை மட்டும் இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனார்கள். மாத்திரை மறுபடி ஆரம்பமானது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும், பருப்பு, பால், முட்டை மாதிரி புரோட்டீன் அயிட்டங்களோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக ஏறாது என்று இந்தத் தடவைதான் காதில் வாங்கிக்கொண்டார்கள். இத்தனை நாளாகத் தயிர் சாதத்தோடு போட்டிருக்கிறார் மனுஷர்!

வியாழக்கிழமை லீவு போட்டேன். கேனிங் டவுன் பக்கம் ஒரு ஹால். வட்டமாக நாற்காலிகள். ஓரத்தில் ஒருவர் பியானோ வாசிக்கிறார். 'டான்ஸ் ஃபார் பார்க்கின்சன்ஸ்'! 2001-ல் நியூயார்க் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு ஆரம்பித்து வைத்தது. லண்டனில் இங்கிலீஷ் நேஷனல் பாலே 2010-ல் இருந்து நடத்துகிறது. கூட வந்தவர்களும் ஆட வேண்டும் என்று என்னையும் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

முதலில் உட்கார்ந்தபடி கை, தோள், கழுத்து. பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று. கடைசியில் ஹாலின் குறுக்கே நடை. வருகிறபோது கதவருகே கால் தரையில் ஒட்டிக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, பியானோ ஆரம்பித்ததும் ராஜா மாதிரி வீசி நடக்கிறார்! ஐந்து நிமிஷத்தில் யார் நோயாளி, யார் துணைக்கு வந்தவர் என்றே தெரியவில்லை. தப்புத் தப்பாக ஆடினவன் நான் ஒருத்தன்தான்.

"எப்பிடி அங்கிள்?" என்றேன்.

"நடக்கிறது மூளைக்குள்ளை தானா நடக்கிற வேலை. இந்த வருத்தத்திலை அந்தத் தானா போற வழி அடைபட்டுப் போகுது. வெளியிலை இருந்து தாளம் குடுத்தால் மூளை வேறை வழியாலை போகும். மாறுறதில்லை தம்பி. மருந்தும் வேணும், இதுவும் வேணும். ஆன்ட்டி செவ்வாய்க்கிழமையிலை தாய்-சியும் செய்யிறவ."

தாய்-சி என்றால் சீனாக்காரர்களின் மெதுவான கை, கால் பயிற்சி. அமெரிக்காவின் ஒரிகனில் 195 நோயாளிகளுக்கு வாரம் இரண்டு முறை, 24 வாரம் வெவ்வேறு பயிற்சிகள் கொடுத்துப் பார்த்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். தாய்-சி செய்தவர்களுக்கு பாலன்ஸ் கூடியது. வெறுமனே உடம்பை நீட்டி மடக்கினவர்களைவிட விழுவதும் குறைந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது ஆன்ட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து, தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். வியாதியின் ஆட்டமா, பாட்டின் ஆட்டமா? கேட்கவில்லை.

மூன்று மாசம் முடிந்து கும்பகோணம் வந்தேன். அப்பா முன்னைவிடத் தேவலை. ஆனால் வாசல் நிலைப்படி வந்ததும் கால் இரண்டும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. பின்னாலிருந்து அம்மா "போங்கோ, போங்கோ" என்று அவசரப்படுத்த, இன்னும் மோசம்.

கும்பகோணத்தில் பியானோவுக்கு எங்கே போவது? பீரோவில் தேடினேன். துணி மடிப்புக்குள் இருந்தது அந்தப் பழைய விசில். எடுத்து ஊதினேன். கரகரவென்றாலும் சத்தம் வந்தது.

"லெப்ட்... ரைட்... லெப்ட்... ரைட்..."

அப்பா என்னை முறைத்தார். "டேய், மார்ச் பாஸ்ட் முதல்ல லெப்ட்ல ஆரம்பிக்கணும். ஊதறப்போ சரியா விழணும். மறுபடி ஊது!"

ஊதினேன். இடது கால் உயர்ந்தது. நிலைப்படி தாண்டியது.

மகாமகக் குளத்தை ஒரு சுற்று வர முக்கால் மணி ஆனது. வழியில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டார். வாயாலேயே எண்ணிக்கொண்டு புறப்பட்டார். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! பார்த்தவர்களால்தானே இதற்குப் பேரே வந்தது?

கடைசியில் அந்தக் காபி கடை. கல்லாவில் இருந்தது அதே பழைய மாணவன். அப்பாவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான். முகம் வெளுத்துவிட்டது. "சார்... அன்னிக்கு நான்... தெரியாம..."

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தொப்பை போட்டுடுச்சு உனக்கு. காலைல ஆறு மணிக்கு குளத்தாண்ட வா. மார்ச் பண்ணலாம்" என்றார். அப்புறம் மெதுவாக, "ரெண்டு காபி. எனக்கு அரை டம்ளர் போதும்" என்றார்.

டம்ளர் டவராவில் மோதி 'டகடக' என்றது. யாரும் சிரிக்கவில்லை. அப்பா மட்டும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.