சருகு கூட்டக் கூலி என்ன?

தோழர்களே! ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்லப் போகிறேன். அதில் குற்றவாளியும் நான்தான்.

விருதுநகரிலிருந்து காரியாபட்டி செல்லும் சாலையில் உள்ள மல்லாங்கிணற்றில், வாடகை வீடொன்றில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியன் நான். முற்றத்திலே ஒரு வேம்பு, இரண்டு புங்கமரங்கள். அந்த நிழலுக்காகவே வீட்டைப் பிடித்தேன். கரிசல் வெயிலைக் கண்டவர்கள் என்னைக் குறை கூறமாட்டார்கள். நிழலோடு சருகும் வரும் என்பது சென்ற மாசியிலேதான் விளங்கிற்று. காலையில் கூட்டிய இடம் மாலையில் மறைந்தது. நான்கு நாள் சோம்பியிருந்தால் கணுக்கால் புதைந்தது.

"கூட்டுவதற்கு ஆள் கிடைக்குமா?" என்று வீட்டுக்கார அம்மையாரைக் கேட்டேன்.

"கிடைக்குமாவாவது! அதுக்குன்னே ஒருத்தி இருக்காளே. பின்வாசல் வழியா வரச் சொல்லுங்க" என்றார்.

அதுக்குன்னே! பட்டம் பெற்றவன், பகுத்தறிவு பேசுபவன், மேடையேறிச் சமத்துவம் முழங்கியவன். எனினும் அந்தச் சொல் அன்று என் காதிலே தைக்கவில்லை.

வந்தவருக்கு என் தாயின் வயதிருக்கும். ஈர்க்கு விளக்குமாறும் கடகப்பெட்டியும் அவருடையவை. வெயில் ஏறுமுன் தொடங்கி உச்சிப் பொழுது வரை குனிந்த முதுகு நிமிரவில்லை. "கூலி என்னம்மா?" என்றேன். "குடுக்கிறதக் குடுங்க, வாத்தியாரய்யா" என்றார். நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். மறுவார்த்தையின்றி முந்தானையில் முடிந்துகொண்டார். மலிவாக முடிந்தது என்று மகிழ்ந்தேன். ஆம், மகிழ்ந்தேன்! மறைப்பானேன்?

மறுவாரம் அடுத்த வீட்டில் தேங்காய் பறிக்க இளைஞன் ஒருவன் வந்தான். மரத்துக்கு நூறு ரூபாய் என்றான். பேரம் பேசியவர்களிடம், வேறு ஆளைப் பாருங்கள் என்று திரும்பி நடந்தான். குழாய் பழுது பார்க்க வந்தவர் ஏணியை இறக்குமுன்னே தொகையைச் சொன்னார். மின்கம்பி இழுப்பவரும் அப்படியே. விலை சொல்லத் தெரியாதவர் அந்தத் தெருவிலே ஒருவர்தான். ஏன்?

தெரியாமலா? ஒரு கிலோ வெங்காயத்தில் ஐந்து ரூபாய் குறைக்கத் தெரிந்தவர் அவர்! விலை சொல்வது தொழிலாளியின் உரிமை. பிறந்த தெருவைப் பார்த்துச் சுமத்தப்பட்ட கடமைக்கோ விலை கிடையாது. மிஞ்சியதைப் போடுவார்கள், வாங்கிக்கொள்ள வேண்டும். பாட்டி வாங்கினார், தாய் வாங்கினார், இவரும் வாங்குகிறார். ஊரக வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கென அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். என் முற்றத்தில் அரைநாளுக்கு மேல் குனிந்தவருக்கு நான் அளந்தது அதிலே பாதிகூட இல்லை. துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று 2020இல் அரசு மாற்றிற்று, நல்ல மாற்றமே. ஆனால் விளக்குமாறு கை மாறியதா?

வேடிக்கை கேளுங்கள். எங்கள் வேம்பில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறது. வெள்ளிதோறும் அம்மையார் நீர் வார்த்துக் கும்பிடுகிறார். மரத்திலே அம்மன் குடியிருக்கிறாளாம்! அந்த அம்மன் உதிர்த்த இலையை அள்ளுகிறவருக்குப் பின்வாசல். குடிநீர் கேட்டால் கையேந்தச் சொல்லி உயரே நின்று ஊற்றுவது. விளக்கேற்றிய பின் கூட்டினால் திருமகள் போய்விடுவாளாம். பகலெல்லாம் கூட்டியவர் வீட்டுக்கு அவள் வந்த நாள் எது என்று கேட்டேன். விடை வரவில்லை, முகம் சுளித்தது.

கூட்டுவது இழிவென்றால் யார் செய்தாலும் இழிவாக வேண்டும். ஜப்பான் நாட்டுப் பள்ளிகளில் வகுப்பறையையும் நடைவழியையும் மாணவர்களே முறைவைத்துத் துடைக்கிறார்கள்; யார் பிள்ளை என்ற கேள்வி அங்கே இல்லை. நான் சிறுவனாகப் படித்த பள்ளியிலும் பிள்ளைகள் கூட்டினார்கள். எல்லாப் பிள்ளைகளுமல்ல. "நீங்க வாங்கடா" என்று ஆசிரியர் விரல் நீட்டிய பக்கம் எப்போதும் ஒரே பக்கம். விரல் என் பக்கம் திரும்பியதே இல்லை. அன்று அது எனக்கு இயல்பாகவே தோன்றிற்று!

சருகை என்ன செய்வது? முதல் முறை நானே கொளுத்தச் சொன்னேன். புகை தெருவை மூடிற்று. எதிர்வீட்டுக் குழந்தை இரவெல்லாம் இருமிற்று. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் தண்டம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே கூறியிருந்ததை நான் படித்தவன்தான். படிப்பு வேறு, பழக்கம் வேறு! இரண்டாம் முறை தீப்பெட்டியை நீட்டியபோது அந்த அம்மா வாங்கவில்லை.

"எம் மக பட்டாசு ஆபீசுக்குப் போறா, வாத்தியாரய்யா. அங்க ரூமைச் சுத்திக் காஞ்ச புல்லு கிடந்தாலே போர்மேன் சத்தம் போடுவாராம். நீங்க தெருவுல தீ வைக்கச் சொல்றீக" என்றார். பிறகு, "குழி தோண்டிப் போட்டா எருவாயிரும்ல?" என்றார்.

வகுப்பிலே மட்கு உரம் பற்றிப் பாடம் நடத்துபவன் நான்! வெட்கம் என்பது சுவையான பொருளன்று.

இருவரும் தோண்டினோம். நாலடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழம். ஒரு சாண் சருகு, அதன்மேல் சாணக் கரைசல், அதன்மேல் தூவினாற்போல் மண், மீண்டும் சருகு. காய்ந்த இலையில் கரி மிகுதி, தழைச்சத்துக் குறைவு. ஆகையால் சாணமும், அகப்பட்ட பச்சைப் புங்கந்தழையும் சேர்த்தோம். பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரம். மாதம் ஒருமுறை கிளறிக் காற்றுப் புகவிட்டால், நுண்ணுயிர்கள் மற்ற வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. விளிம்பு வரை நிரப்பிய குழி, சில வாரங்களில் முழம் இறங்கிற்று. அது நிறைந்தபின் வந்த சருகைப் புங்கமரத் தூரில் மூடாக்காகப் பரப்பினோம். சித்திரை வெயிலிலும் அடிமண் ஈரம் காத்தது.

அன்று மாலை, "கூலியை நீங்களே சொல்லுங்கள், அம்மா. சொன்னால்தான் கொடுப்பேன்" என்றேன். நெடுநேரம் விளக்குமாற்றின் கட்டை அவிழ்த்து இறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமல், "நானூறு குடுங்க" என்றார்.

குறைத்துக்கொள்ளக் கூடாதா என்ற சொல் என் நாவின் நுனி வரை வந்துவிட்டது, தோழர்களே! பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக் கொடுத்தேன். அதற்குப்பின் அவர் தொகை சொல்லித்தான் வேலை தொடங்குகிறார். குழி தோண்டிய வேலைக்கு அடுத்த வாரம் ஐம்பது கூட்டியும் கேட்டார்.

ஐப்பசியில் குழியைத் திறந்தோம். கறுத்து, பொலபொலவென்று, மழை நனைத்த மண்ணின் மணத்தோடு ஐந்து கடகம் எரு. தம் வீட்டு முருங்கைக்கென்று இரண்டு கடகம் எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியே போனார்.

வீட்டுக்கார அம்மையார் அந்தப் படியில் நீர் தெளித்தார். வரும் மாசிக்குள் வேறு ஆள் பார்க்க வேண்டும், இல்லையேல் வேறு வீடு பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாலைக்கு அப்பால் ஒரு வீடு காலியாக இருப்பதாகக் கேள்வி. நாளை போய்ப் பார்க்க வேண்டும். அங்கே மரம் கிடையாதாம்.