நான் நிரப்பிய படிவம்

2023 அக்டோபரில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய வேலையைத் தடுத்தேன். அவருக்குத் தகுதி இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தே தடுத்தேன்.

நியூ ஜெர்சியில் ஒரு மென்பொருள் குழுவுக்கு நான் மேலாளர். ஓர் இடம் காலி. கடைசிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவர் கறுப்பினப் பெண். பகலில் வகுப்பு, இரவில் மளிகைக் கடைக் கல்லா என்று பட்டம் வாங்கியவர். மற்றவன் என் நண்பரின் அண்ணன் மகன். கோடிங் தேர்வை இருவரும் முடித்தார்கள். அந்தப் பெண் எழுதியதே சுத்தமாக இருந்தது.

நேர்காணல் முடிவில், ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன்.

"உங்கள் குழுவில் கறுப்பினத்தவர் எத்தனை பேர்?"

14 பேரில் ஒருவர்கூட இல்லை. 9 பேர் இந்தியர்கள். அதில் பாதிக்கு மேல் ஒருவர் சொல்லி ஒருவர் வந்தவர்கள். அந்தப் பெண்ணின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. எனக்குத்தான் சுட்டது. "இங்கே திறமையை மட்டும்தான் பார்ப்போம்" என்றேன். நன்றி சொல்லிப் போனார். கோபம் ஆறுவதற்குள் படிவத்தை எடுத்தேன். 'குழுவோடு ஒத்துப்போவாரா?' என்ற கட்டத்தில் 'மாட்டார்' என்று எழுதினேன். அடுத்த மாதம் நண்பர் வீட்டுப் பையன் சேர்ந்தான்.

அதற்கு நான்கு மாதம் முன்பு, ஜூன் 29 அன்று, கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "இனியாவது தகுதிக்கு மதிப்பு வரும்" என்று சாப்பாட்டு மேசையில் சொன்னவன் நான். 1997-இல் இந்தியாவில் எனக்குப் பொறியியல் இடம் கிடைத்ததோ பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில். பொதுப் பட்டியலுக்கு என் மதிப்பெண் எட்டவில்லை. நூற்பாலைத் தொழிலாளியின் மகனுக்கு அது நியாயமாக வந்த இடம். ஆனாலும் இங்கே வந்த பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை. குறைவாக நினைப்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை மூடத்தான் தகுதி, தகுதி என்று உரக்கப் பேசினேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்த வழியையும் மறந்தேன். 1946 சட்டம் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 குடியேற்ற இடங்களைத்தான் தந்தது. அந்த வரம்பு 1965 அக்டோபரில் கையெழுத்தான சட்டத்தால் நீங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் செல்மா நகரின் பாலத்தில் வாக்குரிமை கேட்டுப் போன கறுப்பின மக்களைப் போலீஸ் தடியால் அடித்தது. அவர்கள் நடத்திய உரிமைப் போராட்டம்தான் எங்களுக்கும் கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியாக வந்தவன், அவர்கள் பேத்தி ஒருத்திக்கு இடமில்லை என்று எழுதினேன்.

மறுப்புக் கடிதம் அனுப்பப்பட்ட அதே வாரத்தில் எனக்கு அந்தப் பெண் மின்னஞ்சல் அனுப்பினார். மூன்று வரி. "எங்கே குறை என்று சொன்னால் திருத்திக்கொள்வேன்." குறை அவரிடம் இல்லை. அதைச் சொன்னால் நான் அகப்படுவேன். பதில் போடவில்லை. இல்லாத குறையைத் தன்னிடம் தேடிக்கொண்டு, கல்லாவில் நின்றபடி எத்தனை இரவு கழித்தாரோ. வேலையைப் பறித்ததைவிட அந்த மௌனம் பெரிய குற்றம்.

ஒன்றரை வருடம் கழித்து உண்மையை அவருக்கு எழுதினேன். பதில் வரவில்லை. மன்னிக்கும் வேலையையும் அவர் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை. மனிதவளத் துறைக்கும் எழுதிக் கொடுத்தேன். அந்த இடம் நிரம்பிவிட்டது. படிவம் கோப்பில் இருக்கிறது. கீழே என் பெயர்.